அட்ஜஸ்ட் என்ற சொல்லும் ஆறு பேருந்துகளும்

மூக்கண்டப்பள்ளி,
ஞாயிறு, வழிபாடு முடிந்த பின்.

என் அன்பிற்கும் மதிப்பிற்கும் உரிய ஜெபமணிக்கு,

உன் கணவன் அருள்யோசேப்பு எழுதுவது. நானும் மகள் ஃபெபாவும் நலம். அரியானாவின் குளிர் உன் மூட்டுகளை வருத்தாமல் இருக்க வேண்டும் என்று இன்றைய வழிபாட்டில் வேண்டிக்கொண்டோம்.

அலைபேசி இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். அலைபேசியில் நான் நான்கு சொற்றொடர் பேசி முடிப்பதற்குள் "மேடை ஏறிட்டீங்க, இறங்குங்க" என்று சொல்லிவிட்டுப் பிள்ளையைக் கூப்பிடுகிறாய். கடிதத்தில் என்னை இறக்கிவிட எவராலும் இயலாது. ஃபெபா இதைப் படமெடுத்து உன் அலைபேசிக்கு அனுப்புவாள். தாள் பின்னால் அஞ்சலில் வரும். ஆகவே அமர்ந்து படி. செய்தி பெரிது!

வரும் செவ்வாய்க்கிழமை உங்கள் தொழிற்சாலை வாயிலில் கூட்டம். முதல் ஷிப்ட் வெளியே வர, இரண்டாம் ஷிப்ட் உள்ளே போக, நடுவில் கிடைக்கும் அந்தப் பிற்பகல் இடைவெளியில், சாலையோரத்தில், ஒலிபெருக்கி வைத்து! பணிமுறை என்று எழுதினால் நீ சிரிப்பாய் என்பதால் ஷிப்ட் என்றே எழுதுகிறேன். இந்தச் சலுகை உனக்கு மட்டும். சங்கச் செயலாளர் முத்துக்குமார் சென்ற வாரம் வீடு தேடி வந்தார். "ஐயா, நீங்கதான் பேசணும், எனக்கு மைக்கப் புடிச்சாலே தொண்ட அடச்சிக்குது" என்றார். என் தொண்டையின் நிலை உனக்குத் தெரியும். ஒப்புக்கொண்டேன்.

மேடையில் நான் வைக்கப்போகும் வழக்கு இது. பிழை இருந்தால் திருத்து. சானமாவுக் காட்டை ஒட்டிய ஊர்ப் பெண்களை, இரவில் இரண்டாம் ஷிப்ட் முடிந்ததும், நிறுவனப் பேருந்து அவரவர் ஊருக்குள் கொண்டுபோய் விட்டு வந்தது. இந்த ஆண்டு கேழ்வரகு முற்றி யானைகள் காட்டை விட்டு இறங்கும் பருவத்தில், எரிபொருள் மிச்சம் என்று சொல்லி, நெடுஞ்சாலைக் கூட்டுரோட்டிலேயே அவர்களை இறக்கிவிடத் தொடங்கினார்கள். அங்கிருந்து ஊருக்குக் காட்டோர நடை. கேட்டவர்களுக்குக் கிடைத்த விடை ஒரே சொல்: அட்ஜஸ்ட்.

உனக்கும் அந்த ஊர்களுக்கும் என்ன தொடர்பு? நம் வீடோ நிறுத்தத்திலிருந்து கூப்பிடு தொலைவு. ஆனாலும் ஒருநாள் நீ அவர்களுடைய வண்டியில் ஏறினாய். கூட்டுரோட்டில் ஒருவரும் இறங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு நீயும் அசையாமல் அமர்ந்தாய். ஓட்டுநர் திம்மப்பன் தலையில் கைவைத்துக்கொண்டு ஊருக்குள் ஓட்டினார். மறுவாரமே பயிற்சி என்ற பெயரில் உன்னை ஈராயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் தூக்கிப் போட்டார்கள். திரும்பும் நாள் எந்த எழுத்திலும் இல்லை. வண்டியோ பழையபடி கூட்டுரோட்டிலேயே நிற்கிறது.

கோரிக்கை இரண்டு. வண்டி ஊருக்குள் போக வேண்டும். நீ வீட்டுக்குள் வர வேண்டும்.

இனி அந்தச் சொல்லுக்கு வருகிறேன். நம் வீட்டு வாயிற்படி தாண்டக் கூடாது என்று நான் தடுத்து வைத்த சொல் அது. நம் திருமணத்தன்று படம் எடுத்தவர், மாப்பிள்ளை தலையைக் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணட்டும் என்றபோது, சற்றே சாய்க்கட்டும் என்று சொல்லுங்கள் என நான் திருத்தியதை உன் அண்ணன் இன்றைக்கும் உறவினர் கூட்டத்தில் நடித்துக் காட்டுகிறார். நடிக்கட்டும். செவ்வாயன்று அந்தச் சொல்லை நான் மேடையில் வீழ்த்தப்போகிறேன். வீழ்த்துமுன் பகைவன் எங்கெங்கே குடியிருக்கிறான் என்று அறிய வேண்டாமா? ஒரு வாரமாக வேவு பார்த்தேன். மலைத்துவிட்டேன், ஜெபா!

தேநீர்க் கடையில் பால் குறைந்தால் அட்ஜஸ்ட். கண்ணாடிக் கடையில் மூக்குப் பிடி இறுகினால் அட்ஜஸ்ட். கோயில் பாடகர் குழுவில் சுருதி எட்டாதவர்க்கு இசைக்கருவியாளர் செய்து தருவது அட்ஜஸ்ட். தரகர் ஒருவர், பையன் சற்றுக் குட்டை, பெண் வீட்டார் அட்ஜஸ்ட் செய்துகொள்ள வேண்டும் என்கிறார். மின்னழுத்தம் குறைந்தால், தண்ணீர் வராவிட்டால், வாடகை வீட்டில் கதவு மூடாவிட்டால், எல்லாவற்றுக்கும் அதே மருந்து. இவ்வளவும் போதாதென்று நம் மகள், ஆய்வுக்கூடத்தில் விடை வராவிட்டால் எண்களைத் தாங்களே அட்ஜஸ்ட் செய்துவிடுவதாக இட்லியைத் தின்றுகொண்டே சொல்கிறாள்! இந்த ஒரு சொல்லுக்கு ஈடாக நான் எத்தனை தமிழ்ச் சொற்களைக் கொண்டுவர வேண்டியிருக்கிறது, பார்: நகர், சாய், திருகு, தளர்த்து, இணங்கு, ஈடுசெய், விட்டுக்கொடு, பொறுத்துக்கொள், வாயை மூடு.

அகரமுதலியைப் புரட்டினேன். ஒன்றை மற்றொன்றின் அருகே கொண்டுவந்து வைத்தல் என்பதாம் அதன் பழம்பொருள்! அருகே வைத்தலாம்! உன்னை அரியானாவில் வைத்துவிட்டு நம்மிடம் சொல்கிறார்கள் இந்தச் சொல்லை!

ஒன்றை மட்டும் மறைக்காமல் எழுதுகிறேன். வியாழனன்று பாகலூர்ப் பேருந்தில் நெரிசல். இருவர் அமரும் இருக்கையின் ஓரத்தில் ஒரு கன்னடத்துப் பெண்மணி. என்னைப் பார்த்து "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி சார், குத்கொள்ளி" என்று உட்காரச் சொல்லிவிட்டு, தானும் ஒடுங்கி, தன் பிள்ளையையும் மடியில் ஏற்றி, என் பையையும் வாங்கி அதன்மேல் வைத்துக்கொண்டார். அந்தக் கணத்தில் அந்தச் சொல்லின்மேல் எனக்குப் பகையே எழவில்லை. எழாதது எனக்குப் பிடிக்கவுமில்லை. வீடுவரை அதையே எண்ணிக்கொண்டு வந்தேன்.

வீட்டுச் செய்தி: ஃபெபாவுக்கு அரையாண்டுத் தேர்வு நெருங்குகிறது. என் சமையல் முன்னேறியிருக்கிறது. நேற்று வைத்த குழம்பை அவள் முழுதும் உண்டாள், எதுவும் சொல்லவில்லை. சொல்லாததைப் பாராட்டாகக் கொண்டேன்.

ஒரு வினாவுக்கு மட்டும் உடனே விடை வேண்டும். மேடையில் உன் பெயரைச் சொன்னால் அங்கே உனக்குத் தொல்லை வருமா? வரும் என்றால் ஒரு சொல் அனுப்பு. ஒரு பெண் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

உன் நலத்தையே நாள்தோறும் வேண்டி நிற்கும்,
அருள்யோசேப்பு.


மூக்கண்டப்பள்ளி,
புதன், விடியற்காலை.

வெற்றித்திருமகளே, என் ஜெபமணியே!

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் நீ கடைசித் தாளுக்குத் தாவிவிடுவாய். நேற்று இரண்டாம் ஷிப்ட் வண்டி கூட்டுரோட்டில் நிற்கவில்லை. ஊருக்குள் போனது! காட்டோரத்து ஊர்களிலும் ஒவ்வொரு பெண்ணும் தன் தெருமுனையில் இறங்கினாள். இனி எந்நாளும் அப்படித்தான். உறங்க முடியாமல் எழுந்து உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து ஓடுகிறது, பொறுத்துக்கொள்.

ஞாயிறு மாலையே உன் விடை வந்துவிட்டது. "பேரச் சொல்லுங்க. முழுப் பேரயும் சொல்லுங்க." ஃபெபா அதை உரக்கப் படித்தாள். அதன் பிறகு என்னைப் பிடித்து நிறுத்த எவரால் முடியும்? விடிய விடிய உரை எழுதினேன். ஒன்பது தாள்!

அந்த ஒன்பது தாளுக்கும் நேர்ந்த கதியைக் கேள். வாயிற்கூட்டம் என்பது கோயில் திருவிழாக் கூட்டம் அன்று. ஷிப்ட் மாறும் இடைவெளிக்குள் தொடங்கி, அதற்குள்ளேயே முடித்தாக வேண்டும். புறப்படும்போதே ஃபெபா, வணக்கம் ஒன்று போதும், நேரே பேச்சுக்குப் போங்கள் என்று எச்சரித்தாள். கேட்டேனா? முப்பதாண்டுப் பழக்கம் என் நாவை இழுத்துக்கொண்டு போனது. தலைவரை விளித்தேன். செயலாளரை விளித்தேன். பொருளாளரை விளித்தேன். ஒலிபெருக்கி தந்தவரை விளித்தேன். உழைப்பின் உருவங்களே என்றேன், ஓசூரின் ஒளிவிளக்குகளே என்றேன். முத்துக்குமார் பின்னாலிருந்து என் துண்டை இழுத்தார். கைதட்டச் சொல்லிக் கூட்டத்துக்குக் குறிப்புக் காட்டுகிறார் என்று எண்ணி இன்னும் இருவரை விளித்தேன்.

அப்போது கூட்டத்தின் நடுவிலிருந்து ஒரு குரல். "வாத்தியாரே, கும்பிடு போட்டு முடிஞ்சுதா? சங்கு ஊதப் போறான்!" உன் தோழி கெம்பம்மாதான். இந்த வாரம் அவளுக்கு முதல் ஷிப்ட். அடுத்த வாரம் அந்தக் காட்டோரத்தில் நடக்க வேண்டியவள். கூட்டம் வெடித்துச் சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். பார்த்தால் கைக்கடிகாரத்தில் நேரமே இல்லை!

ஒன்பது தாளையும் மடித்தேன். கன்னடத்துப் பெண்கள், தெலுங்குப் பெண்கள், தூத்துக்குடியிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் வந்தவர்கள், ஒடியா பேசும் இளம்பெண்கள், எல்லாரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். இவர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்த ஒரு சொல் என்னிடம் இருந்தது. என் வாழ்நாளில் முதன்முறையாக மேடையில் அதைச் சொன்னேன். உங்களுள் அட்ஜஸ்ட் என்ற சொல்லை யார் யாரிடம் எதற்குக் கேட்டீர்கள், சொல்லுங்கள் என்று ஒலிவாங்கியைக் கீழே நீட்டினேன். அவ்வளவுதான் நான் ஆற்றிய உரை!

மழை பிடித்துக்கொண்டதுபோல் பிடித்துக்கொண்டார்கள். நம் தெரு அனுப்ரியா முந்திக்கொண்டாள். அவளுடைய வேலை மேசை உயரமாம். நாள் முழுதும் தோள் வலியாம். சொன்னால் அட்ஜஸ்ட் செய்துகொள் என்கிறார்களாம். "மேசைக்குத்தான் அடியில திருகு இருக்குது சார், எனக்கு எங்க இருக்குது?" என்றாளே பார்க்கலாம்! விடுதியில் தங்கும் ஒருத்தி, நால்வர் அறையில் எண்மர் என்றாள். ஒரு தெலுங்குக்கார அம்மையார், வீட்டுக்காரர் தண்ணீரைத் திறக்காமல் "கொஞ்செம் அட்ஜஸ்ட் சேஸ்கோம்மா" என்று சொல்வதை அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினார். ஞாயிற்றுக்கிழமை செய்த வேலைக்குக் கூலி தராமல் பண்டிகை விடுப்பில் கழித்துக்கொண்டதை ஒருத்தி சொன்னாள், மாமியார் வீட்டில் கடைசி ஆளாய் உண்பதை ஒருத்தி. ஒடியா பேசும் பெண்ணொருத்தி தன் மொழியில் படபடவென்று ஏதோ சொன்னாள். எங்களுக்கு விளங்கிய சொல் ஒன்றே ஒன்று. அதற்கே அப்படியொரு கைதட்டல்!

கடைசியாக ஒலிவாங்கி கெம்பம்மாவிடம் போனது. அவள் தொழிற்சாலையின் மாடிச் சன்னலை நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்: "சார், அந்தப் பேச்ச யானக்கிட்டப் போயி சொல்லுங்க. அது அட்ஜஸ்ட் பண்ணிக்கிச்சின்னா நாங்களும் பண்ணிக்கிறோம்!"

பிறகென்ன! வாயிற்காவலர்களும் திரும்பி நின்று சிரித்தார்கள். அந்த இரைச்சலுக்கு நடுவே ஒலிவாங்கியை வாங்கி நான் இரண்டே செய்தி சொன்னேன். பேருந்தில் இந்தச் சொல்லைச் சொல்பவர் தாமும் ஒடுங்கிக்கொண்டு சொல்கிறார். இங்கே மாடியில் இருப்பவர் காலை நீட்டிக்கொண்டு சொல்கிறார், அதுவே வழக்கு என்றேன். அடுத்து, உங்களுக்காக இறங்காமல் அமர்ந்தவர் பெயர் அ. ஜெபமணி என்று தொடங்கினேன். சங்கு ஊதிவிட்டது. உன் முழுப்பெயரும் சங்கொலிக்குள் போயிற்று. இரண்டாம் ஷிப்ட் ஒரு நொடி தாமதமின்றி உள்ளே சென்றது. கூட்டம் கலைந்தது. முத்துக்குமார் என் கையைப் பிடித்து, நன்றாக இருந்தது ஐயா, அடுத்த கூட்டத்தில் வணக்கத்தை நான் சொல்லிவிடுகிறேன் என்றார்.

எல்லாம் முடிந்தது என்றுதான் எண்ணினேன். மூக்கண்டப்பள்ளிக்குத் திரும்ப வேண்டுமே. உங்கள் வண்டியிலேயே என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். நேற்று இந்த வழிக்கும் அதே திம்மப்பன்தான் ஓட்டுநர். இருவர் இருக்கையில் மூன்றாவதாக என்னை அமர்த்தி, ஒடுங்கி உட்காருங்கள் வாத்தியாரே என்பதற்கு அவர்கள் எந்தச் சொல்லைச் சொல்லியிருப்பார்கள் என்று உனக்கே தெரியும். பின்னாலிருந்து ஒருத்தி, ஐயா தமிழில் சொன்னால்தான் நகர்வாராம் என்றாள். வண்டியே குலுங்கியது.

அப்போதுதான் பார்த்தேன், கெம்பம்மாவும் எங்களோடு ஏறியிருந்தாள், அவளுடைய ஊர் வண்டியை விட்டுவிட்டு! ஏன் என்று கேட்டேன். "அக்கா எங்க வண்டில ஏறுனாங்க. நான் அக்கா வண்டில ஏறுறேன்" என்று சொல்லி, சன்னலோரத்தில் நீ வழக்கமாக அமரும் இடத்தில் உட்கார்ந்தாள். அதற்குமேல் அவளுக்கு ஒரு திட்டமும் இல்லை என்று பிறகு அவளே சொன்னாள்.

மூக்கண்டப்பள்ளி நிறுத்தம் வந்தது. முதலில் இறங்க வேண்டியவள் அனுப்ரியா. பையை மாட்டிக்கொண்டு எழுந்தாள். படிவரை போனாள். திரும்பிக் கெம்பம்மாவைப் பார்த்தாள். பையைக் கழற்றினாள். வந்து உட்கார்ந்தாள். "அன்னிக்கி அக்கா இறங்கல. இன்னிக்கி நான் இறங்கல." உன் பெயரைச் சங்கு விழுங்கிவிட்டது என்று நான் எண்ணினேனே, எவ்வளவு பெரிய பேதைமை! அடுத்தவள் உட்கார்ந்தாள். அதற்கடுத்தவள். வீட்டுக்குப் போனால் உறங்கலாம், உண்ணலாம், பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்துவரலாம். ஷிப்ட் முடிந்துவிட்டது, நேரம் அவர்களுடையது. வேலைநிறுத்தம் என்று எவரும் சொல்ல முடியாது. அவர்கள் செய்தது ஒன்றே ஒன்று: இறங்கவில்லை.

திம்மப்பன் திரும்பிப் பார்த்து, "மறுபடியுமாம்மா!" என்று அலறினார். அப்புறம் வண்டியை நிறுத்திச் சாவியைக் கையிலெடுத்துக்கொண்டு, கேட்டால் பஞ்சர் என்று சொல்வேன், எனக்கு ஒன்றும் தெரியாது என்று தேநீர்க் கடைக்குப் போய்விட்டார். அனுப்ரியா அலைபேசியில் மற்ற வண்டிகளுக்குச் சொன்னாள். பாகலூர் சாலையில் ஒரு வண்டி, சூளகிரி சாலையில் ஒன்று, பேரிகைக்குப் போகும் வழியில் ஒன்று என்று, ஆறு பேருந்தும் நின்ற இடத்தில் நின்றன. எவளும் இறங்கவில்லை!

இதன் சூட்சுமம் உனக்குச் சொல்ல வேண்டுவதில்லை. மாலையில் அலுவலர்களை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டியவையும் இதே வண்டிகள்தாம்! மாலையும் வந்தது. மடிக்கணினிப் பைகளோடு அத்தனை பேரும் வாயிலில் நிற்கிறார்கள். வண்டியைக் காணோம். தொலைபேசி மேல் தொலைபேசி. திம்மப்பன் பஞ்சர் என்றார். ஆறு வண்டிக்குமா என்று கேட்டதற்கு, சாலை அப்படி ஐயா என்றாராம்! கடைசியில் அவர்கள் ஷேர் ஆட்டோ பிடித்தார்கள். வாயிற்காவலர் ஒருவர் படமெடுத்து அனுப்ப, அது எங்கள் வண்டிக்கும் வந்தது. பொது மேலாளர் ஓட்டுநருக்குப் பக்கத்தில் பாதி இருக்கையில், ஒரு கால் வெளியே தொங்க அமர்ந்திருக்கிறார். ஆட்டோக்காரர் அவரிடம் என்ன சொன்னார் என்று நான் எழுத வேண்டுமா, ஜெபா? என் பகைச்சொல் பிறந்த பயனை அடைந்த நாள் அது!

இருட்டுமுன் மனிதவளப் பிரிவின் பிரகாஷ் தம் காரில் நேரே எங்கள் வண்டிக்கு வந்தார். அவரைக் கெட்டவர் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. நாள்தோறும் பெங்களூரிலிருந்து நெரிசலில் வந்துபோகிறவர், களைத்திருந்தார். படியில் ஏறி நின்று, ஊருக்குள் வண்டி இன்றைக்கே போகும் என்றார். கெம்பம்மா விடவில்லை. இன்றைக்கா, என்றைக்குமா என்று கேட்டாள். என்றைக்கும் என்றார். அதைக் கன்னடத்திலும் சொல்லுங்கள் என்றாள். சொன்னார். தெலுங்கிலும் என்றாள். தெலுங்கு வராது அம்மா என்று அவர் கும்பிட்டதும் வண்டி முழுக்கச் சிரிப்பு. அறிவிப்புப் பலகையில் காலை முதல் ஷிப்டுக்கு முன்பே ஒட்டுவதாக ஒப்புக்கொண்டார். ஒட்டிவிட்டார்களாம், முத்துக்குமார் இப்போதுதான் செய்தி அனுப்பினார். நேற்று இரண்டாம் ஷிப்டில் இருந்த ராஜலட்சுமி, கெம்பம்மாவின் ஊர்க்காரி, வீட்டு வாசலில் இறங்கியதும் குரற்செய்தி போட்டாள். வண்டியின் இரைச்சலும் நாய்க் குரைப்பும்தான் அதில் கேட்கின்றன. நான் பலமுறை கேட்டுவிட்டேன்.

எல்லாரும் இறங்கத் தொடங்கியபோது கெம்பம்மா அந்த இருக்கையிலேயே இருந்தாள். "அப்போ ஜெபா அக்கா?" என்றாள்.

பிரகாஷ் என்னைத் தனியே அழைத்தார். இதை நான் அப்படியே எழுதுகிறேன். தலைமையகத்தில் பேசிவிட்டாராம். அன்று நடந்ததற்கு வருந்துகிறேன் என்று நீ ஒரு வரி எழுதி அனுப்பினால் போதுமாம். பதிவேட்டில் வைத்துவிட்டுத் திருப்பி அழைத்துக்கொள்வார்களாம். "கிறிஸ்துமஸுக்கு முன்னாடி வீட்ல இருப்பாங்க ஐயா. ஒரே ஒரு வரி. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கச் சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாங்க." திங்கட்கிழமைக்குள் விடை வேண்டுமாம்.

எழுதாவிட்டால் சங்கம் வழக்காக எடுக்கும். முத்துக்குமார் மழுப்பாமல் சொன்னார்: ஈஸ்டர் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம்.

சற்று முன்புதான் ஊரே அதிரப் பேசியவன் நான். அவருக்கு உடனே ஒரு விடை சொல்லியிருக்க வேண்டும். என் நாக்கின் நுனியில் ஒரு விடை வந்தும் நின்றது. அது மேடையில் நான் சொன்னதற்கு மாறான விடை. அதை விழுங்கிவிட்டு, ஜெபமணியிடமே கேட்டுச் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

கெம்பம்மாவிடம் சொன்னேன். "வேணாம் வாத்தியாரே. எங்களுக்காவ உக்காந்தவங்க தப்புன்னு எழுதிட்டு வரக்கூடாது" என்றாள். என்னோடு இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "பாப்பா இன்னா சொல்லுது?" என்று கேட்டாள்.

பாப்பாவிடம் இரவு உணவின்போது சொன்னேன். அம்மா ரயிலில் வருவார்களா, விமானத்திலா என்று மட்டும் கேட்டாள். இன்னும் முடிவாகவில்லை என்றேன். சரி என்று தட்டைக் கழுவப் போனாள். நெடுநேரம் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

நீ என்ன செய்ய வேண்டும் என்று நான் எழுதப்போவதில்லை. இருபுறத்து வாதத்தையும் என்னால் கைதட்டல் பெறுமளவு அடுக்க முடியும்; அதனாலேயே எழுதவில்லை. நீ அந்த வரியை எழுதினால், காட்டோரத்துப் பெண்களும் சரி, இந்த வீட்டிலுள்ள இருவரும் சரி, உன்னைக் குறைத்து எண்ணமாட்டோம். நீ எழுதாவிட்டால், விடுமுறை தொடங்கியதும் நானும் ஃபெபாவும் அங்கே வருகிறோம். கம்பளி இரவல் தர ஆள் இருக்கிறது, பயணத்துக்குப் புளிச்சோறு கட்டவும் நான் கற்றுக்கொண்டேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். உன் விடையை முதலில் அவர்களுக்கு அனுப்பிவிடு. அதன் பிறகு எனக்குச் சொல். என்னிடம் முதலில் சொல்லாதே, ஜெபா. அந்த வரியை எழுத வேண்டாம் என்று நீ முடிவெடுத்திருந்தால், அதை மாற்ற நான் பேசிவிடுவேன். நான் நன்றாகப் பேசுவேன்.

நீ எந்த ஊரில் கண்விழித்தாலும் ஆண்டவர் உன் தலைமாட்டில் நிற்பாராக.

உன் சொல்லுக்குக் காத்திருக்கும்,
அருள்யோசேப்பு.